கூஜாவில் பூத்த ரோஜா

சென்னையிலிருந்து காட்பாடிக்கு வந்து, அங்கே வண்டி மாறி வடக்கு நோக்கிச் சென்றால் சுமார் முப்பது கிலோமீட்டரில் சித்தூர் வந்துவிடும். கடல் கடந்து வாழும் நம்மவர் பலர் இவ்வூரைத் திருப்பதி செல்லும் வழியில் உள்ள ஒரு நிலையமாகவே அறிவர். எங்களுக்கோ அது அத்தையின் ஊர். சென்ற தை மாதம் விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது, அத்தையின் வீட்டை ஒழித்துக் கொடுக்கும் பொறுப்பு எங்கள்மீது விழுந்தது. தனியாக இருந்த அவரைத் திருப்பதியில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய மகன் தம் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துக்கொள்வதாக முடிவாகியிருந்தது.

சித்தூர் நீவா நதிக்கரையில் உள்ள ஊர். 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவுக்கு அதுவே தலைநகரம். அவ்வாண்டு சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை இராஜ்யத்துக்கு வந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் ஜில்லா மீண்டும் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் அத்தை வீட்டில் தெருத் திண்ணையில் தெலுங்கும் அடுக்களையில் தமிழும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பாத்திரங்கள் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. பித்தளை அண்டா, தவலை, வெண்கல உருளி, செம்புக் குடம், நெல் அளந்த மரக்கால், அரிசி அளந்த படி, மாங்காய் ஊறுகாய் போட்ட பீங்கான் ஜாடிகள், வெற்றிலைப் பெட்டி, காபி வடிகட்டி, முறுக்கு அச்சு, திருகு மூடியுள்ள கூஜா. மறுநாள் காலை பழைய பாத்திர வியாபாரி தராசுடன் வருவதாக ஏற்பாடு. அடுக்குமாடி வீட்டில் இவற்றுக்கு இடமில்லை. பித்தளைக்கு ஒரு விலை, வெண்கலத்துக்கு ஒரு விலை, எல்லாம் எடைக்குத்தான்.

கூஜாவைக் கையில் எடுத்துப் பார்த்தோம். அடியில் ஓரிடம் நசுங்கியிருந்தது. எங்கள் தந்தையாருக்குத் திருமலையில் முதல் முடி இறக்கியபோது, பாகாலா வழியாகச் சென்ற ரயிலில் இந்தக் கூஜாவில்தான் தண்ணீர் கொண்டு போனார்களாம். கூட்டத்தில் யாரோ மிதித்ததில் விழுந்த பள்ளம் அது. தராசில் அந்தப் பள்ளத்துக்கு எடை கிடையாது.

வீட்டின் பின்புறம் அத்தையின் ரோஜாத் தோட்டம். தோட்டம் என்பது பெரிய பேச்சு. கிணற்றடியில் எட்டுப் பத்துச் செடிகள். மாமா நட்டவை. பன்னீர் ரோஜா சில. அடர்ந்த இதழ்களும் நல்ல மணமும் உள்ள எட்வர்டு ரோஜா சில. ஆந்திரச் சிவப்பு என்று தோட்டக்காரர்கள் சொல்லும் வகை இரண்டு. மாமா 1983-இல் காலமானார். அதன்பின் அத்தை பூச்சூடியதில்லை. ஆயினும் செடிகளுக்கு ஒரு நாளும் தண்ணீர் தவறியதில்லை. காலையில் பறித்த பூக்களில் பாதி சுவாமி படங்களுக்குப் போகும். பாதி அண்டை வீட்டுப் பெண்களின் கூந்தலுக்குப் போகும். அவருக்கென்று ஒன்றும் மீதி இருந்ததில்லை. இருக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததுமில்லை, நாங்கள் உட்பட.

அன்று மாலை எங்கள் மகள் கிணற்றடியில் கைநிறைய ரோஜாக்களைக் கொய்து வந்தாள். வெளிநாட்டில் வளர்ந்த பெண். பூ என்றால் ஜாடியில் வைக்க வேண்டும் என்பது அவள் பழக்கம். வீட்டில் பூஜாடி இல்லை. முற்றத்தில் கிடந்த கூஜாவில் தண்ணீர் ஊற்றி, மூன்று பூக்களைச் செருகித் திண்ணையில் வைத்தாள்.

அத்தை பார்த்துவிட்டார். "ஏண்டி கண்ணு, தண்ணி குடிக்கிற கூஜாவிலே பூவை வைப்பாங்களா? பூ சாமிக்கு, இல்லேன்னா தலைக்கு."

"பாட்டி, நாளைக்கு இதை விற்கத்தானே போகிறோம்? இன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டுமே" என்றாள் மகள்.

அத்தை மறுமொழி சொல்லவில்லை. ஆனால் சிறிது நேரம் கழித்து, கூஜா கோணலாக நிற்கிறதென்று அதன் பள்ளத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அத்தையின் சொல்லில் நியாயம் உண்டு. மலரைத் தொடுப்பதும் சூடுவதும் சாத்துவதுமே நம் வழக்கம். காம்போடு வெட்டிக் கூடத்தில் நிறுத்தி வைப்பது பிறநாட்டாரிடமிருந்து வந்தது. ஆதலால் நம் ஊர் ரோஜாவும் அதற்கேற்றபடி வளர்க்கப்படவில்லை. எட்வர்டு ரோஜாவையும் ஆந்திரச் சிவப்பையும் சந்தையில் உதிரிப் பூவாகக் கிலோக் கணக்கில்தான் விற்கிறார்கள். அவற்றின் காம்பு குட்டை. தலை சற்றே கவிழும். இரண்டு மூன்று நாளில் இதழ் உதிரும். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் வளர்ந்து, பிப்ரவரி மாதத்தில் விமானம் ஏறி வெளிநாட்டுக் கடைகளுக்கு வரும் ரோஜா வேறு சாதி. நெடிய காம்பும் இறுகிய மொட்டும் உடையது. கடையில் விற்கும் உயரமான கண்ணாடி ஜாடிகள் அதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் நம் பன்னீர் ரோஜாவை வைத்தால், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தையைப் போல அது உள்ளேயே ஒளிந்துகொள்ளும். குறுகிய கழுத்துள்ள கூஜாவும் சொம்பும், ஆழமற்ற உருளியும்தான் அதற்கு ஏற்ற இருப்பிடம். இதை நாங்கள் எந்த நூலிலும் படிக்கவில்லை; அன்று இரவு அந்த முற்றத்தில், செய்து பார்த்தே கற்றோம்.

விளையாட்டாகத் தொடங்கியது விடிய விடிய நீண்டது. ஜாடியின் வாயகலம் பெரிதாக இருந்தமையால் பூக்கள் நிற்காமல் சாய்ந்தன. குறுக்கே ஒரு பூந்திக் கரண்டியை வைத்து, அதன் கண்களின் வழியே காம்புகளை இறக்கினோம், நன்றாக நின்றன. உருளிக்குள் பழைய இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன் துளைகளில் குட்டைக் காம்புப் பூக்களைச் செருகினோம். முறுக்கு அச்சின் வில்லையும் அதே வேலையைச் செய்தது. காபி வடிகட்டியில் முயன்றபோது மட்டும் தோற்றோம். "அதன் கண்ணிலே காபிப்பொடியே போகாது, ரோஜாக் காம்பு எங்கே போகும்?" என்று அத்தை சிரித்தார். அந்த வீட்டை ஒழிக்கத் தொடங்கிய பின் அவர் சிரித்தது அதுவே முதல் தடவை. பின்பு அவரே எழுந்து வந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்புக் கிண்ணம் இருந்த இடத்தில் சிறு கண்ணாடிக் குவளை ஒன்றை வைத்து, அதில் இரண்டு மொட்டுகளை இருத்தினார். எல்லாவற்றிலும் அதுவே அழகாக இருந்தது.

இல்லத்தில் செய்து பார்க்க விரும்பும் அன்பர்களுக்காகச் சில குறிப்புகளைக் கூறுகிறோம். பூக்களை வெயில் ஏறுமுன் அல்லது அந்தி சாய்ந்தபின் வெட்ட வேண்டும். வெட்டியவுடன் கழுத்தளவு நீரில் ஒரு மணி நேரமாவது நிறுத்தி வைத்தால் வாட்டம் குறையும். நீருக்குள் அமிழும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் அவை அழுகி நீரைக் கெடுக்கும். காம்பின் நுனியைச் சாய்வாக நறுக்க வேண்டும். பித்தளை, செம்புப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்கினால் பலமுறை அலம்ப வேண்டும். புளிப்பு தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் நேரே நீர் ஊற்றாமல் கண்ணாடிக் குவளை ஒன்றை உள்ளே இறக்கி வைப்பதே நலம். படி, மரக்கால் போன்ற ஒழுகும் கலங்களுக்கும் இதுவே வழி. ஊறுகாய் ஜாடியில் உப்பு ஊறியிருக்கும்; இரண்டு நாள் நீரில் ஊற வைத்த பின்பே பூவுக்குப் பயன்படும். தண்ணீரைத் தினந்தோறும் மாற்ற வேண்டும். பூ வைத்த பழைய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கோ குடிநீருக்கோ கொள்ளாதிருப்பது நன்று.

பூக்கடைகளில் பச்சை நிறக் கடற்பஞ்சு போன்ற கட்டி ஒன்றில் காம்புகளைக் குத்தி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1954-இல் அமெரிக்காவில் தோன்றிய பொருள் அது. பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த அது பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணிலும் நீரிலும் கலக்கிறது என்பதால், இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் காட்சிகளில் அதை விலக்கிவிட்டது. பூந்திக் கரண்டியால் யாருக்கும் அத்தகைய தீங்கு இல்லை.

வழக்கத்துக்கு மாறான கலங்களில் மலர் வைத்தவர்கள் உலகில் முன்பே உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானில் வாழ்ந்த தேநீர்க் கலைஞர் சென் நோ ரிக்கியு, விலையுயர்ந்த சீனக் கலங்களை விடுத்து, வெட்டிய மூங்கில் துண்டிலும் மீனவர் இடுப்பில் கட்டும் கூடையிலும் பூவை வைத்தார். இங்கிலாந்தில் கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை என்னும் அம்மையார் குழம்புக் கிண்ணத்திலும் அடுப்பங்கரைத் தகரத் தட்டிலும் வேலியோரப் பூக்களை வைத்துச் சீமான்களை வியக்கச் செய்தார். 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு மலர் அலங்காரம் செய்தவரும் அவரே. வழக்கொழிந்த பழைய ரோஜா வகைகளைத் தேடித் தேடி வளர்த்த அவர் 1960-இல் மறைந்தார்; மறு ஆண்டு வெளிவந்த ஒரு புது ரோஜாவுக்கு அவர் பெயரையே இட்டார்கள். ஏழை வீட்டுப் பாத்திரமும் பூவைத் தாங்கத் தகுதியுடையது என்பதை இவ்விருவரும் செய்து காட்டினர்.

மறுநாள் காலை வியாபாரி வந்தார். அண்டாவும் தவலைகளும் குடங்களும் போயின. எல்லாவற்றையும் காப்பாற்றினோம் என்று சொல்ல எங்களால் இயலாது. அவ்வளவு இடம் எங்களுக்கும் இல்லை, விமானத்திலும் இல்லை. உருளியையும் படியையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். வெற்றிலைப் பெட்டி மகளுக்கு என்று அத்தை சொன்னார். கூஜாவைத் தராசில் வைக்க வியாபாரி கை நீட்டியபோது, "அதிலே பூ இருக்குது, இருக்கட்டும்" என்றார் அத்தை. வேறு காரணம் சொல்லவில்லை.

புதன்கிழமை திருப்பதிக்கு ரயிலேறினோம். அத்தையின் மடியில் கூஜா. அதில் பாதி நீரும், அன்று விடியற்காலையில் அவர் தம் கையால் வெட்டிய பன்னீர் ரோஜாக்கள் ஐந்தும் இருந்தன. ஒரு பையில் ஈரச் சாக்குத் துணி சுற்றிய ரோஜாக் குச்சிகள் நாலைந்து. புது வீட்டில் தொட்டியில் ஊன்றுவதற்கு. வண்டி பாகாலாவைக் கடந்து சந்திரகிரியை அடைந்தது. விஜயநகர மன்னர்களின் கோட்டையும் ராஜமகாலும் உள்ள ஊர். இவ்வழியில் எத்தனையோ முறை கூஜா சென்றிருக்கிறது, யாத்திரிகர்களின் தாகம் தீர்க்க. இம்முறை அது பூவுக்குத் தண்ணீர் சுமந்து சென்றது. எதிரில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, "பெருமாளுக்கா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். அத்தை சற்றுத் தயங்கி, "ஆமாம்" என்றார்.

வீட்டை அடைந்ததும் கூஜாவைச் சுவாமி படத்தின் முன் வைத்தார். மறுநாள் வியாழக்கிழமை. எல்லோரும் திருமலைக்குச் சென்றோம்.

மலைக்குச் செல்லும் முதல் பாதை 1944-இல் திறக்கப்பட்டது; இரண்டாவது 1974-இல். இப்போது இரண்டாவது பாதையில் ஏறி முதல் பாதையில் இறங்குகிறார்கள். திருமலைக்குப் புஷ்ப மண்டபம் என்றும் ஒரு பெயர் உண்டு. ஸ்ரீரங்கத்தில் இராமாநுசர் தம் சீடர்களை நோக்கித் திருவேங்கடத்துக்குச் சென்று மலர்க் கைங்கரியம் செய்வார் யார் என்று வினவியபோது, மலையின் குளிருக்கு அஞ்சாது எழுந்து நின்றவர் அனந்தாழ்வான் என்பது குருபரம்பரைச் செய்தி. அவர் இங்கு வந்து நந்தவனம் அமைத்தார், ஏரி வெட்டினார். அவர் மண்ணை வெட்ட, கருவுற்றிருந்த மனைவியார் கூடையில் சுமந்தார். சிறுவன் ஒருவன் வந்து அம்மையாருக்கு உதவினான். கைங்கரியத்தில் பிறர் பங்கு கொள்வதைப் பொறாத அனந்தாழ்வான் கடப்பாரையை எறிந்தார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. பின்னர்ச் சந்நிதியில் பெருமாளின் மோவாயில் குருதி கண்டு அவர் பதைத்தார் என்பர். அதன் நினைவாகவே இன்றும் மூலவரின் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்துகிறார்கள். அந்தக் கடப்பாரை கோயிலின் பெருவாயிலில் தொங்குகிறது.

நாங்கள் அதை அண்ணாந்து பார்த்தோம். தோட்ட வேலை செய்த ஒரு சாதாரண இரும்பு. எடைக்குப் போட்டால் என்ன பெறும்? நூற்றாண்டுகளாக இலட்சக்கணக்கான மக்கள் அதன் கீழேதான் உள்ளே போகிறார்கள்.

வியாழக்கிழமை மாலை மூலவருக்கு ஆபரணங்களைக் களைந்து மலராடை சாத்துவர். பூலங்கி சேவை என்று பெயர். கார்த்திகையில் நடக்கும் புஷ்ப யாகத்துக்கு மலர்கள் டன் கணக்கில் வந்து குவியும். இவ்வளவு பூ உள்ள ஊரில் எவரும் பூச்சூடுவதில்லை. திருமலையில் மலரும் மலர் யாவும் இறைவனுக்கே உரியவை என்பது மரபு. கீழ்த் திருப்பதியில் மல்லிகைச் சரம் நிறைந்த கூந்தலுடன் நடமாடும் பெண்கள் மேலே செல்லும்போது அதை விட்டுவிட்டுச் செல்கிறார்கள். சாத்தி எடுத்த மலர்களும் பக்தர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை. தேவஸ்தானக் கோயில்களில் கழிந்த மலர்களைக் கொண்டு 2021-ஆம் ஆண்டில் ஊதுவத்தி செய்யத் தொடங்கினார்கள். ஏழு மலைகளை நினைவூட்டும் வகையில் ஏழு வாசனைகள்.

வரிசையில் நாங்கள் பல மணி நேரம் நின்றோம். முன்னும் பின்னும் மணமான பெண்கள், கன்னியர், முதியவர்கள். ஒருவர் தலையிலும் பூ இல்லை. அத்தை மெல்ல எங்கள் பக்கம் திரும்பி, "இங்கே வந்தா ஒரு நிம்மதி. யாரும் என் தலையைப் பார்க்க மாட்டாங்க" என்றார்.

நாற்பது ஆண்டுகளாக அவரை நாங்கள் அறிவோம். கலியாணங்களில் பூத்தட்டு வரும்போது அவர் அடுக்களைக்குள் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறோம். வேலை மும்முரம் என்று எண்ணிக்கொண்டோம். எண்ணிக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருந்தது. அன்று அந்த வரிசையில் எங்களால் எதுவும் பேச இயலவில்லை.

தரிசனம் முடிந்து நள்ளிரவுக்குப்பின் கீழே இறங்கி வீடு வந்து சேர்ந்தோம். களைப்பில் உறங்கிவிட்டோம். காலையில் எழுந்து பார்த்தபோது சுவாமி படத்தின் முன் வேறு பூக்கள் இருந்தன. வீதியில் வாங்கிய சாமந்தி. கூஜாவைக் காணோம். தேடியபோது அத்தையின் அறையில் இருந்தது. கட்டிலின் தலைமாட்டில், சன்னல் ஓரத்தில், பள்ளம் சுவர்ப்பக்கம் இருக்குமாறு வைக்கப்பட்டிருந்தது. ஐந்தில் இரண்டு பூக்கள் உதிர்ந்திருந்தன. அவற்றின் இதழ்கள் ஒரு தட்டில் காய்ந்துகொண்டிருந்தன. மீதி மூன்றும் நின்றன. தண்ணீர் மாற்றப்பட்டிருந்தது.

நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் பரண்மேலோ பெட்டிக்குள்ளோ தாயகத்திலிருந்து வந்த பாத்திரம் ஒன்றேனும் இருக்கும். பயன்படுத்தவும் மனமில்லை, எறியவும் மனமில்லை என்று கிடக்கும். அதை இறக்கித் துலக்குங்கள். தோட்டத்தில் ஒரு ரோஜா இருந்தால் அதில் வையுங்கள். பிறகு, அந்தப் பூவை வீட்டில் யாருடைய தலைமாட்டில் வைக்க வேண்டும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள்.

சென்ற வாரம் தொலைபேசியில் அத்தை பேசினார். ஊன்றிய குச்சிகளில் இரண்டு துளிர்த்துவிட்டனவாம். உருளி சௌக்கியமா என்று விசாரித்தார்.